கிண்ணத்தில் சாப்பிடும் சொதி: மாவுச்சத்தைக் குறைத்து ஒரு நெல்லைச் சமையல்

சொதி என்பது தேங்காய்ப்பாலில் காய்களை வேகவைத்துச் செய்யும் திருநெல்வேலிக் குழம்பு. அதையோ கறிக்குழம்பையோ மாவுச்சத்து குறைவாகச் செய்ய வேண்டும் என்றதும் எல்லாரும் முதலில் உருளைக்கிழங்கைத் தூக்கி வெளியே போடுகிறார்கள். சரிதான், ஆனால் அது போதாது. நம்ம ஊர்க் குழம்பு எதுவானாலும் சோற்றுக்காகப் பிறந்தது. உப்பு, உறைப்பு, புளிப்பு மூன்றும் தட்டு நிறையச் சோறு வாங்கிக்கொள்ளும் என்ற கணக்கில் போடுபவை. சோற்றை மட்டும் எடுத்துவிட்டு அதே சொதியைக் கிண்ணத்தில் ஊற்றிச் சாப்பிட்டால் நாலாவது கரண்டியில் நாக்கு காந்தும். வயிறும் நிறையாது, ராத்திரி பத்து மணிக்கு முறுக்கு டப்பாவைத் தேட வேண்டியதுதான். அதனால் காயை மாற்றுவதோடு உப்பு, மிளகாய், தண்ணீர் அளவையும் மாற்ற வேண்டும். இந்த இரண்டாவது வேலையைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள்.

தொடங்கும் முன் ஒன்று. சர்க்கரை நோய்க்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்கள் மாவுச்சத்தைத் திடீரென்று குறைத்தால் ரத்தச் சர்க்கரை மிகவும் இறங்கிவிடலாம். மருத்துவரிடம் கேட்டு மருந்தின் அளவைச் சரிசெய்துகொண்டு அப்புறம் சமையலுக்கு வாருங்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் அப்படியே.

மாவுச்சத்து எங்கே ஒளிந்திருக்கிறது என்று பார்ப்போம். கீழே உள்ளவை 100 கிராமுக்கு, நார்ச்சத்தைக் கழித்த பிறகு, தோராயமாக. வேகாத பாசிப்பருப்பு 45 கிராமுக்கு மேல். உருளைக்கிழங்கு 15. பச்சைப் பட்டாணி 9. கேரட் 7. பீன்ஸ் 4. காலிஃபிளவர், சவ்சவ், நூக்கோல் எல்லாம் 3 பக்கம். தடியங்காய், அதாவது வெண்பூசணி, அதற்கும் கீழே. சொதியில் பெரிய பங்கு பருப்புக்கும் கிழங்குக்கும்தான் என்பது இதிலேயே தெரிகிறது. ஆனால் வெந்த சோறு 100 கிராமுக்கு 28. ஒரு தட்டில் 300 கிராம் சோறு வைத்தால் அதிலேயே 84 ஆகிவிடும். அதன் பக்கத்தில் சொதியில் கிடக்கும் நாலு துண்டுக் கிழங்கு பெரிய குற்றவாளி இல்லை.

உருளைக்கு மாற்று என்று நான் சொல்வது நூக்கோல். காலிஃபிளவர் வெந்தால் குழைந்துவிடும், நூக்கோல் கடிபடும். நெல்லையில் பாளை மார்க்கெட்டிலோ நயினார்குளம் மார்க்கெட்டிலோ தேடினால் கிடைக்கும். சின்னதாக, கையில் கனமாக இருப்பதாகப் பார்த்து எடுங்கள். பெரியது உள்ளே நார் பாய்ந்திருக்கும்.

மூன்று பேருக்கு வேண்டியவை: பெரிய தேங்காய் ஒன்று, நூக்கோல் 200 கிராம், காலிஃபிளவர் 250 கிராம், பீன்ஸ் 100 கிராம், தடியங்காய் 150 கிராம், முருங்கைக்காய் ஒன்று, நிறத்துக்குப் பாதிக் கேரட், சின்ன வெங்காயம் பத்து, பூண்டு எட்டுப் பல், இஞ்சி ஒரு விரல் நீளம், பச்சை மிளகாய் நாலு, பாசிப்பருப்பு ஒரு மேசைக்கரண்டி, எலுமிச்சம்பழம் ஒன்று, பனீர் 150 கிராம். தாளிக்கத் தேங்காய் எண்ணெய், கடுகு, சீரகம், கறிவேப்பிலை.

பனீரைப் பார்த்துச் சிலர் முகம் சுளிப்பார்கள். கல்யாணத்துக்குப் பிறகு மறுவீட்டு விருந்தில் பரிமாறும் சொதியில் பனீரா என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. ஆனால் பருப்பைக் குறைத்துவிட்டதால் புரதத்துக்கு வேறு வழி வேண்டும். முட்டை சாப்பிடுகிறவர்கள் அவித்த முட்டையை இரண்டாக வெட்டிக் கடைசியில் போட்டுக்கொள்ளலாம்.

முதல் படி, தேங்காய்ப்பால். துருவிய தேங்காயை முக்கால் தம்ளர் வெதுவெதுப்பான தண்ணீர் விட்டு அரைத்துப் பிழிந்தால் முதல் பால். அதே சக்கையில் ஒரு தம்ளர் விட்டு இரண்டாம் பால், இன்னொரு முக்கால் தம்ளர் விட்டு மூன்றாம் பால். வழக்கமாகச் சொதிக்கு இதைவிட அதிகத் தண்ணீர் விடுவோம். இங்கே சோறு இல்லை, தடியங்காய் வேறு நீர் விடும், அதனால் கையைக் கட்டுப்படுத்திக்கொள்ளுங்கள். கடையில் தேங்காய்ப்பால் பொடி வாங்கினால் பொட்டலத்தின் பின்பக்கத்தைப் படியுங்கள். பலவற்றில் மால்டோடெக்ஸ்ட்ரின் என்ற மாவுச்சத்து கலந்திருக்கும்.

இரண்டாம் படிதான் இந்தச் சமையலின் உயிர். பாசிப்பருப்பு சொதிக்கு ருசி மட்டும் தரவில்லை. அதன் மாவுதான் தேங்காய்ப்பாலைத் திரியவிடாமல் பிடித்து வைக்கிறது, குழம்பைக் கெட்டியாகவும் ஆக்குகிறது. அதை அப்படியே எடுத்துவிட்டால் மேலே எண்ணெய், கீழே தண்ணீர் என்று பிரிந்து நிற்கும். அதனால் ஒரு மேசைக்கரண்டிப் பருப்பை மட்டும் வாசம் வரும்வரை வறுத்து, காலிஃபிளவரில் 100 கிராம் சேர்த்துக் குக்கரில் மூன்று விசில் விட்டு வேகவையுங்கள். ஆறியதும் இரண்டாம் பால் கொஞ்சம் ஊற்றி மையாக அரைத்துக்கொள்ளுங்கள். விரலில் தொட்டால் திப்பி இருக்கக் கூடாது. வறுத்த பருப்பின் வாசம் இருந்தாலே நம்ம ஊர்க்காரர்கள் இதைச் சொதி என்று ஒத்துக்கொள்வார்கள்.

அடுத்து இஞ்சியையும் பச்சை மிளகாயையும் தனியாக அரையுங்கள். சோற்றோடு என்றால் ஏழெட்டு மிளகாய் போடுவோம். இங்கே நாலு போதும். குழந்தைகள் சாப்பிடுவதாக இருந்தால் மூன்று.

அடிகனமான பாத்திரத்தில் ஒரு கரண்டித் தேங்காய் எண்ணெய் விட்டு, சின்ன வெங்காயத்தையும் பூண்டையும் முழுசாகப் போட்டு நிறம் மாறாமல் வதக்குங்கள். நூக்கோலின் தடித்த தோலைச் சீவி, உருளைக்கு வெட்டுவதைவிடச் சின்னத் துண்டாக வெட்டிப் போடுங்கள், அது வேக நேரம் எடுக்கும். மூன்றாம் பாலை ஊற்றி மூடி ஐந்து நிமிடம். பிறகு பீன்ஸ், முருங்கைக்காய், கேரட். இன்னும் ஐந்து நிமிடம் கழித்து மீதிக் காலிஃபிளவர், தடியங்காய். உப்பு வழக்கமாகப் போடுவதில் மூன்றில் இரண்டு பங்கு. குறைகிறதே என்று தோன்றும், பொறுத்துக்கொள்ளுங்கள். கிண்ணம் காலியாகும்போது சரியாக இருக்கும்.

காய் வெந்ததும் அரைத்த இஞ்சி மிளகாய், அப்புறம் காலிஃபிளவர் விழுது, மீதி இரண்டாம் பால். மிதமான தீயில் பச்சை வாசம் போகக் கொதிக்கட்டும். பனீர்த் துண்டுகளை இப்போது போடலாம். சோற்றில் பிசையும் சொதியைவிடக் கெட்டியாகவும் காய் அதிகமாகவும் தெரிய வேண்டும். தண்ணியாக இருந்தால் மூடியைத் திறந்துவைத்து வற்றவிடுங்கள். சோளமாவு கரைத்து ஊற்றும் ஆசை வரும், வேண்டாம்.

தீயை நன்றாகக் குறைத்து முதல் பாலை ஊற்றுங்கள். ஓரத்தில் நுரை கட்டியதும் அடுப்பை அணைத்துவிட வேண்டும், கொதிக்கக் கூடாது. கடுகு, சீரகம், கறிவேப்பிலை தாளித்துக் கொட்டுங்கள். எலுமிச்சைச் சாறு பத்து நிமிடம் ஆறிய பிறகுதான். அதுவும் முதலில் அரைப்பழம் பிழிந்து ருசி பார்த்து, வேண்டுமானால் மீதி.

என் கணக்கில் இது ஒருவருக்குச் சுமார் 20 கிராம் மாவுச்சத்து. பருப்பு, கிழங்கு, பட்டாணி போட்ட வழக்கமான சொதி அதே அளவுக்கு 40ஐத் தாண்டும், சோறு தனி. ஒரு நாளைக்கு 130 கிராமுக்குக் கீழே என்று வைத்துக்கொள்பவர்களுக்கு இது தாராளமாகப் பொருந்தும். கீட்டோ என்ற மிகக் குறைந்த மாவுச்சத்து உணவுமுறையில் ஒரு நாளுக்கு 20 முதல் 50 கிராம்தான் என்பவர்கள் சின்ன வெங்காயத்தையும் பூண்டையும் பாதியாக்கி, கேரட்டை விட்டுவிடுங்கள். ஆனால் தேங்காய்ப்பால் கொழுப்பும் கலோரியும் நிறைந்தது. மாவுச்சத்து குறைவு என்பதற்காக மூன்று கிண்ணம் சாப்பிட்டால் எடை குறையாது.

தொட்டுக்கொள்ள உருளைச் சிப்ஸ் வைப்பது வழக்கம். அதற்குப் பதில் பாகற்காய் வறுவல் நல்ல ஜோடி. கசப்பும் தேங்காய்ப்பாலும் சேர்ந்தால் அருமை. இஞ்சிப் பச்சடி வெல்லம் இல்லாமல் இறங்காது என்பவர்கள் இஞ்சித் துவையலுக்கு மாறிக்கொள்ளலாம். அதற்கு வேண்டிய துளிப் புளிக்குப் பயப்பட வேண்டாம்.

ஆட்டுக்கறிக் குழம்புக்கும் இதே வழிதான், இன்னும் சுலபம். மல்லி, மிளகாய் வத்தல், நல்லமிளகு (குறுமிளகு), சீரகம், பெருஞ்சீரகம், தேங்காய் வறுத்து அரைக்கும்போது கெட்டிக்காகப் பொட்டுக்கடலை சேர்ப்பவர்கள் அதை நிறுத்திவிட்டு ஒரு தேக்கரண்டி கசகசா சேருங்கள். அரைக்கிலோ கறியோடு இரண்டு கத்தரிக்காயையும் வேகவைத்து மசித்துவிட்டால் குழம்பு தானாகத் திரளும், கத்தரி போட்டது யாருக்கும் தெரியாது. கிழங்குக்கு நூக்கோல். உப்பும் வத்தலும் மூன்றில் இரண்டு பங்கு. சால்னாவையும் இப்படியே செய்யலாம், பரோட்டாவை என்ன செய்வது என்பது உங்கள் பாடு.

அமெரிக்காவில் இருக்கும் பிள்ளைகள் சொல்லித்தரும் ‘சில்லி’ என்ற காரமான கறிக்குழம்புக்கு இந்தச் சங்கடமெல்லாம் இல்லை, அது கிண்ணத்தில் சாப்பிடுவதற்கென்றே வந்தது. அதில் ராஜ்மாவை மட்டும் நீக்கினால் போதும். 1977இல் சில்லியைத் தங்கள் மாநில உணவாக அறிவித்த டெக்சாஸில் பயறு போடாமல் செய்வதுதான் பழைய வழக்கம். கொத்துக்கறியோடு காளானும் குடைமிளகாயும் சேர்த்து வற்றவிடுங்கள்.

மீந்த சொதியைக் குளிர்பெட்டியில் வைத்து மறுநாள் சாப்பிடலாம். நேரடித் தீயில் கொதிக்கவிட்டால் பால் திரியும். கொதிக்கும் தண்ணீர்ப் பாத்திரத்துக்குள் கிண்ணத்தை வைத்துக் கிளறிக்கொண்டே சூடாக்குங்கள், எலுமிச்சை இரண்டு சொட்டு புதிதாக விட்டுக்கொள்ளுங்கள்.