எச்டி1ன்னா எஸ்டிபின்னு நெனச்சு ஏமாந்துராதீங்க: க்ரப் டிஸ்க் பேரும் லினக்ஸ் டிஸ்க் பேரும்

போன வாரம் பேட்டையில ஒரு கடை பில்லிங் மெஷின் பாக்கப் போனேன். பழைய 500 ஜிபி ஹார்ட் டிஸ்க், கூட புதுசா மாட்டுன 240 ஜிபி எஸ்எஸ்டி, ஆன் பண்ணுனா கறுப்பு ஸ்கிரீன்ல க்ரப்னு (லினக்ஸ பூட் பண்ணி விடுற புரோகிராம்) மட்டும் எழுதிட்டு நிக்கி. அண்ணாச்சி வேற "தம்பி, எட்டு மணிக்குள்ள பில்லு போட்டாகணும் பாத்துக்கோ"ன்னு பக்கத்துலயே நிக்காரு. அவசரத்துல, க்ரப் சொல்லுற எச்டி1 ஜிபிடி2ன்னா (ரெண்டாவது டிஸ்க்ல ரெண்டாவது பார்ட்டிஷன்) லினக்ஸ்ல எஸ்டிபி2தானேன்னு அடிச்சு விட்டேன், கெர்னல் (லினக்ஸோட மையப் புரோகிராம்) லோடாகி, எஸ்டிபி2ன்னு ஒண்ணு இல்லவே இல்லன்னு சொல்லி இனிட்ராம்எஃப்எஸ் ஷெல்லுல (பூட் பாதில நின்னா கமாண்ட் அடிக்க வர்ற சின்ன தற்காலிக இடம்) கொண்டு விட்டுட்டு.

விஷயம் என்னன்னா, ரெண்டும் தனித்தனி வரிசை. எச்டி0, எச்டி1 எல்லாம் பயாஸ் குடுக்க வரிசை, எந்த டிஸ்க்ல இருந்து பூட் ஆகுதோ அதுதான் பெரும்பாலும் எச்டி0, பென்டிரைவ்ல பூட் பண்ணுனா பென்டிரைவே எச்டி0 ஆயிரும். எஸ்டிஏ, எஸ்டிபி கெர்னல் கண்டுபிடிக்க வரிசை. இருட்டுக்கடையில அல்வாக்கு நிக்க மாதிரிதான், இன்னைக்கு முதல்ல நின்ன ஆளு நாளைக்கு பத்தாவதா நிப்பான். ஆளு யாருன்னு தெரியணும்னா ஆதார் நம்பர் கேக்கணும்லா, பார்ட்டிஷனுக்கு அது யூயுஐடி.

க்ரப்ல எல்எஸ் அடிங்க, எல்லா டிஸ்க்கும் பார்ட்டிஷனும் வரும். அப்புறம் ஒவ்வொண்ணா எல்எஸ் போட்டு அடைப்புக்குறிக்குள்ள எச்டி1, கமா, ஜிபிடி2ன்னு அடிச்சா ஃபைல் சிஸ்டமும் யூயுஐடியும் காட்டும், அதையே கடைசில ஒரு ஸ்லாஷ் சேத்து அடிச்சா உள்ள கிடக்க ஃபோல்டர் தெரியும் (இந்த ஒரு ஸ்லாஷ்லதான் நெறைய பேரு கொழம்புதாங்க). இடிசி, ஹோம், பூட் மூணும் இருந்தா அதுதான் நம்ம லினக்ஸ் பார்ட்டிஷன். யூயுஐடிய போன்ல போட்டோ எடுத்துக்கிடுங்க, 36 எழுத்து, மனசுல நிக்காது.

இனி நான் போய் விழுந்த அதே ஷெல்லுல பிஎல்கேஐடின்னு அடிங்க, லினக்ஸ் பேரையும் யூயுஐடியையும் சேத்துக் காட்டும். போட்டோல உள்ள நம்பர் எந்த பேருக்கு நேரா இருக்குன்னு பாருங்க. எனக்கு எச்டி1 ஜிபிடி2 வந்து எஸ்டிஏ2வா இருந்துச்சு, எஸ்எஸ்டி முதல் சாட்டா போர்ட்ல கிடந்திருக்கு. ஆனா திரும்ப க்ரப்ல கெர்னல் லோடு பண்ணுற வரில, ரூட்டுக்கு (லினக்ஸ் கிடக்க பார்ட்டிஷன்) அந்த பேரக் குடுக்காம ரூட் ஈக்வல் யூயுஐடி ஈக்வல்னு நம்பரையே அடிச்சிருங்க, நாளைக்கு ஒரு டிஸ்க் கூடுனாலும் அசையாது.

பார்ட்டிஷன் நம்பர்ல ஒரு வில்லங்கம் உண்டு. க்ரப் 2ல டிஸ்க் 0ல இருந்து, பார்ட்டிஷன் 1ல இருந்து. பழைய க்ரப்ல ரெண்டுமே 0, அதுல எச்டி0,4ன்னு எழுதியிருந்தா அது இப்போ 5. என்விஎம்இன்னா (சாட்டாவுல மாட்டாத வேற வகை எஸ்எஸ்டி) லினக்ஸ் பேரு என்விஎம்இ0என்1பி2ன்னு நீளமா வரும், கடைசி பி2 மட்டும் பாருங்க, அதுதான் ஜிபிடி2.

லினக்ஸ் உள்ள போனதும் அப்டேட்-க்ரப் ஓட்டிருங்க, க்ரப் மெனுவ அது புதுசா எழுதிரும். பழைய பயாஸ் மெஷின்னா க்ரப்ப டிஸ்க்ல எழுதுற க்ரப்-இன்ஸ்டாலும் போடணும், அதுக்கு எஸ்டிஏன்னு முழு டிஸ்க்கத்தான் குடுக்கணும், எஸ்டிஏ2 இல்ல.