கூட்டு உடன்படிக்கையில் மருத்துவ வசதி: பேச்சுக்குப் போகுமுன்னும் கையெழுத்திடுமுன்னும்

தொழிற்சங்கம் முதலாளியோடு செய்யும் கூட்டு உடன்படிக்கையில் மருத்துவக் காப்புறுதி என்றதும் "ஆளுக்கு எத்தனை இலட்சம்?" என்றுதான் முதலில் கேட்கத் தோன்றும். அந்தத் தொகை கடைசியாகப் பேச வேண்டியது. எந்தச் செலவுக்கு, யார் யாருக்கு, எத்தனை நாளில் பணம் கைக்கு வரும் என்பது முடிவாகாவிட்டால் பத்து இலட்சம் என்று எழுதினாலும் தொழிலாளிக்குப் பயனில்லை.

முதலில் பேசும் உரிமையை உறுதிப்படுத்துங்கள். இலங்கையின் கைத்தொழிற் பிணக்குகள் சட்டத்தில் 1999இல் சேர்த்த திருத்தத்தின்படி, யாருக்காகப் பேசுகிறீர்களோ அவர்களில் 40 வீதத்தினராவது உங்கள் சங்கத்தில் அங்கத்தவராக இருந்தால் முதலாளி பேச மறுக்க முடியாது. சந்தாப் பட்டியலை இப்போதே சரிபாருங்கள். மேன்பவர் (ஆள் வழங்கும் நிறுவனம்) மூலம் வருவோர் வேறொரு நிறுவனத்தின் ஊழியர் என்று நிர்வாகம் வாதிடும். அதற்கும் பதிலோடு போக வேண்டும்.

அடுத்து, காப்புறுதி ஏற்கெனவே இருந்தால் கடந்த மூன்று ஆண்டுக் கணக்கை எழுத்தில் கேளுங்கள்: கட்டிய கட்டுப்பணம் (பிரீமியம்), கிடைத்த கிளெய்ம் தொகை, நிராகரித்த கிளெய்ம்களும் அவற்றின் காரணங்களும். ஆட்களின் பெயரும் நோயும் வேண்டாம், மொத்தம் போதும். எடுத்துக்காட்டுக்கு, 200 பேருக்கு ஆளுக்கு 12,000 ரூபாய் வீதம் 24 இலட்சம் கட்டி, 9 இலட்சந்தான் திரும்பி வந்திருக்கிறது என்று வையுங்கள். அந்த 15 இலட்ச வித்தியாசத்தைக் காட்டி, செலவைக் கூட்டாமலே வசதியைக் கூட்டச் சொல்லலாம்.

திருகோணமலையில் கிளெய்ம் குறைவதற்கு ஒரு முக்கிய காரணம் இருக்கிறது. இங்கே பெரும்பாலானோர் அரச வைத்தியசாலைக்கே போகிறார்கள். வார்டில் பில் கிடையாது. பில் இல்லையென்றால் காப்புறுதியும் இல்லை. ஆனால் செலவு நிற்பதில்லை. வெளியே எழுதிக் கொடுத்த மருந்தைப் பாமசியில் வாங்க வேண்டும், ஸ்கானைத் தனியாரிடம் எடுக்க வேண்டும். மேல் சிகிச்சைக்கு மட்டக்களப்புக்கோ கண்டிக்கோ போக வேண்டும். கொழும்பென்றால் 250 கிலோமீற்றருக்கு மேல். கூடப் போகிறவருக்கும் சம்பளம் போகும். ஆகவே இந்த மூன்றையும் தனித்தனி வாசகமாகக் கேளுங்கள்: அரச வைத்தியசாலையில் தங்கும் ஒவ்வொரு இரவுக்கும் பில் இல்லாமலே நாட்கொடுப்பனவு, வைத்தியர் எழுதிய மருந்தையும் பரிசோதனையையும் வெளியே பெற்றாலும் மீளளிப்பு, வேறு மாவட்டத்துக்கு அனுப்பினால் போக்குவரத்துச் செலவு. மூதூர், கிண்ணியாவிலிருந்து வேலைக்கு வருவோருக்கு மூன்றாவது மிகவும் அவசியம்.

சுகவீன விடுமுறையையும் இதே மேசையில் பேசுங்கள். காப்புறுதி பில்லைத்தான் கட்டும், இழந்த நாளைக் கட்டாது. கடை, காரியாலய ஊழியர் சட்டத்தின் கீழ் வருவோருக்குச் சுகவீனம் உட்பட்ட காரணங்களுக்கு வருடத்துக்கு 7 நாள் விடுமுறை உண்டு. தொழில்வாரியாகக் குறைந்தபட்சச் சம்பளத்தை நிர்ணயிக்கும் சம்பளச் சபைகளின் கீழ் வரும் பெரும்பாலான தொழிற்சாலைத் தொழிலாளருக்கு அப்படியொரு சட்ட உரிமை இல்லை. அவர்களுக்கு உடன்படிக்கைதான் வழி.

வாசகத்தில் கண் வையுங்கள். "நிர்வாகம் மருத்துவ வசதி வழங்க முயலும்" என்பதை ஏற்காதீர்கள், "வழங்கும்" என்றே இருக்க வேண்டும். காப்புறுதிக் கம்பனியின் பெயரை மட்டும் எழுதினால், அடுத்த வருடம் கம்பனி மாறும்போது வசதிகளும் சுருங்கும். வசதிகளின் முழு அட்டவணையையும் பின்னிணைப்பாகச் சேர்த்து, "கம்பனி மாறினாலும் இவற்றில் எதுவும் குறையாது" என்று எழுதுங்கள். சீனி வியாதி, பிரஷர் போன்ற ஏற்கெனவே உள்ள நோய்களுக்கு முதல் நாளிலிருந்தே காப்பு வேண்டும். கூட்டுக் காப்புறுதியில் இதைக் கேட்டு வாங்கலாம், கேட்காவிட்டால் காப்பு கிடைக்காத காத்திருப்புக் காலம் தானாக வந்து உட்காரும். பெற்றோரைச் சேர்த்தால் கட்டுப்பணம் வெகுவாக ஏறும்; விட்டுக்கொடுக்க நேர்ந்தால் அதை விடுங்கள், துணைவரையும் பிள்ளைகளையும் விடாதீர்கள்.

வேலைத்தள விபத்து வேறு கணக்கு. அதற்கு நட்டஈடு கொடுப்பது தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டப்படி முதலாளியின் பொறுப்பு. அந்தச் செலவை மருத்துவக் காப்புறுதியின் தொகை வரம்பில் கழிக்கக்கூடாது என்று ஒரு வரி போடுங்கள். சீமெந்துத் தூசி, மாத்தூசி உள்ள இடங்களில் வருடத்துக்கொரு முறை சுவாசப் பரிசோதனையையும் சேருங்கள். மாத்தூசியால் ஆஸ்துமா வருவது நன்கறிந்த தொழில்நோய்.

மூன்று வருட உடன்படிக்கையில் ரூபாய்த் தொகையை அப்படியே விட்டால் விலைவாசி அதைத் தின்றுவிடும். 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி பணவீக்கம் 69.8 வீதம் வரை போனதை மறக்கவேண்டாம். வருடாவருடம் தொகையை மீளாய்வு செய்யும் வாசகம் கட்டாயம் வேண்டும்.

கையெழுத்திடுமுன் தமிழிலும் சிங்களத்திலும் பிரதி கேட்டு, அங்கத்தவர் கூட்டத்தில் வாசியுங்கள். பிறகு உடன்படிக்கை தொழில் ஆணையாளர் நாயகத்துக்குப் போய் வர்த்தமானியில் வெளியாக வேண்டும். அதன் பின்பே அது சட்டப்படி ஒவ்வொருவரின் வேலை ஒப்பந்தத்திலும் அடங்கும். வர்த்தமானித் திகதியைக் குறித்து வையுங்கள்.

கிளெய்ம் கொடுக்க 90 நாளாவது அவகாசம் கேளுங்கள். டயக்னோசிஸ் கார்ட் (வைத்தியசாலையிலிருந்து வெளியேறும்போது தரும் நோய் விவர அட்டை), மருந்துத் துண்டு, நோயாளியின் பெயரும் திகதியும் முத்திரையும் உள்ள அசல் பில் ஆகிய மூன்றும் சேர்ந்திருக்க வேண்டும். பெயரில்லாத பாமசி பில் திரும்பி வரும். எல்லாவற்றுக்கும் போட்டோ பிரதி எடுத்து, ஒப்படைத்ததற்குக் கையொப்பம் வாங்கிய பிறகே அசலைக் கொடுக்கச் சொல்லுங்கள்.