சிங்கப்பூரிலிருந்து அபாயகரமான சரக்கை வெளிநாட்டுக்கு அனுப்புதல்: சிறு வணிகர்களுக்கான வழிகாட்டி

அபாயகரமான சரக்கு என்றதும் பலருக்கு ஜூரோங் தீவின் ரசாயன ஆலைகள்தான் நினைவுக்கு வரும். அந்த ஆலைகளில் இந்த வேலைக்கென்றே பயிற்சி பெற்றவர்கள் இருக்கிறார்கள். இந்த வழிகாட்டி, சிராங்கூன் சாலையிலிருந்து வெளிநாட்டுக் கோயிலுக்குப் பூசைப் பொருள்களை அனுப்பும் கடைக்காரருக்கும், துவாஸ் பட்டறையிலிருந்து பெயிண்ட்டையும் பேட்டரிக் கருவிகளையும் அனுப்பும் சிறு நிறுவனத்தாருக்கும், இணையத்தில் வாசனைத் திரவியமும் நகப்பூச்சும் விற்பவர்களுக்கும் உரியது. தாங்கள் அனுப்பும் சாதாரணப் பொருள் ஐக்கிய நாடுகள் சபையின் அபாயகரமான பொருள்கள் பட்டியலில் இருப்பதை இவர்களில் பலர், சரக்கு நிறுத்தி வைக்கப்பட்ட பிறகுதான் அறிந்துகொள்கிறார்கள்.

எல்லாவற்றுக்கும் முன்பாக ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். சரக்கை வகைப்படுத்துவது, பொதிவது, குறியிடுவது, அறிவிப்புப் படிவத்தில் உண்மையை எழுதிக் கையொப்பமிடுவது ஆகிய நான்கும் அனுப்புநரின் பொறுப்பு. முகவரை அமர்த்தி வேலையைச் செய்விக்கலாம். ஆனால் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்பதை நேரில் அறிந்தவர் அனுப்புநர் ஒருவரே. லாரி ஓட்டுநர், கொள்கலனில் அடுக்கும் ஊழியர், கப்பலின் தலைமை அதிகாரி, விமானி என அடுத்தடுத்து வரும் அனைவரும் அவர் எழுதிய காகிதத்தை நம்பித்தான் முடிவெடுக்கிறார்கள். 1996 மே 11ஆம் தேதி மயாமியிலிருந்து புறப்பட்ட வேல்யூஜெட் 592 விமானத்தின் சரக்கறையில், ரசாயன ஆக்ஸிஜன் உருவாக்கும் குப்பிகள் பாதுகாப்பு மூடிகள் இல்லாமல் அட்டைப்பெட்டிகளில் ஏற்றப்பட்டிருந்தன. சரக்குச் சீட்டில் அவை காலிக் குப்பிகள் என்று எழுதப்பட்டிருந்ததால், அதை வாசித்தவர்களுக்குச் சந்தேகம் எழவில்லை. புறப்பட்ட சில நிமிடங்களில் மூண்ட தீயால் விமானம் சதுப்பு நிலத்தில் விழுந்து, அதில் இருந்த 110 பேரும் மாண்டார்கள். ஆகவே, கட்டணம் குறையும் என்பதற்காக 'பொதுச் சரக்கு' என்றோ 'வீட்டு உபயோகப் பொருள்' என்றோ எழுதிவிடலாம் என்று யார் ஆலோசனை சொன்னாலும் தயவுசெய்து ஏற்காதீர்கள். கொள்கலன்களில் சரக்கு அடுக்கும் வேலையிலும் லாரி ஓட்டும் வேலையிலும் நம்மவர்களும் இருக்கிறார்கள். உங்கள் கையொப்பம் அவர்களுடைய உயிருக்குக் கொடுக்கும் உத்தரவாதம்.

பொருள் எந்த வகையைச் சேர்ந்தது?

தயாரிப்பாளரிடமிருந்து பாதுகாப்புத் தரவுத்தாளைப் பெறுவதுதான் முதல் வேலை. அதில் 16 பகுதிகள் இருக்கும். போக்குவரத்து விவரங்கள் 14ஆவது பகுதியில் உள்ளன: நான்கு இலக்க ஐநா எண், சரக்குக்குரிய முறையான பெயர், அபாய வகுப்பு, பொதிவுக் குழு. வகுப்புகள் மொத்தம் ஒன்பது: வெடிபொருள், வாயு, எரியும் திரவம், எரியும் திடப்பொருள், ஆக்ஸிஜனேற்றி (ஆக்ஸிஜன் தந்து மற்றவற்றை எரியத் தூண்டும் பொருள்), நச்சு மற்றும் தொற்றுப் பொருள், கதிரியக்கப் பொருள், அரிப்புப் பொருள், இதர அபாயப் பொருள். பொதிவுக் குழு அபாயத்தின் அளவைச் சொல்கிறது. ஒன்று மிகக் கடுமையானது, மூன்று குறைந்தது. இந்தப் பகுதியில் 'பொருந்தாது' என்று எழுதியிருந்தாலும் 9ஆவது பகுதியில் உள்ள ஃபிளாஷ் பாயிண்ட், அதாவது ஆவி தீப்பற்றும் வெப்பநிலையைப் பாருங்கள். அது 60 டிகிரி செல்சியஸோ அதற்குக் குறைவாகவோ உள்ள திரவத்துக்குப் 'பொருந்தாது' என்று எழுதியிருந்தால், தயாரிப்பாளரிடம் விளக்கம் கேட்காமல் அடுத்த அடி எடுத்து வைக்கக்கூடாது. முகவர் தம்மிடம் இருந்த பழைய தாளை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போதுமென்று இருந்துவிடாதீர்கள். உங்கள் கையில் உள்ள அதே தயாரிப்புக்கு, அதே தயாரிப்பாளர் வெளியிட்ட அண்மைய தாள்தான் வேண்டும்.

கற்பூரத்தையே எடுத்துக்கொள்ளலாம். செயற்கைக் கற்பூரத்தின் ஐநா எண் 2717, வகுப்பு 4.1, எரியும் திடப்பொருள். பொதிவுக் குழு மூன்று. திறந்து வைத்தால் உருகாமலேயே ஆவியாகிக் கரைந்துபோகும் பொருள் அது. மூடிய கொள்கலனுக்குள் அந்த ஆவி வெளியேற வழியில்லை. பூசைப் பொருள்கள் என்று ஒரே பெட்டியில் விளக்குத் திரி, ஊதுபத்தி, குங்குமம் ஆகியவற்றோடு கற்பூரப் பொட்டலங்களையும் சேர்த்துக் கட்டினால், அந்தப் பெட்டி முழுவதுமே அபாயகரமான சரக்காகிவிடும். கற்பூரத்தைத் தனிப்பெட்டியில் பிரித்துக் கட்டினால் மற்றவை சாதாரணச் சரக்காகவே செல்லும்.

கொப்பரையும் பட்டியலில் உண்டு. ஐநா எண் 1363, தானாகச் சூடேறும் பொருள் என்ற 4.2 வகுப்பு. வாசனைத் திரவியத்துக்கு 1266, பெயிண்ட்டுக்கும் நகப்பூச்சுக்கும் 1263, அழுத்தக் குப்பியில் வரும் ஸ்பிரேக்களுக்கு 1950. கரி வணிகர்கள் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். முன்பு சோதனைச் சான்று காட்டி விலக்குப் பெற்ற கரியும், 2026 ஜனவரி 1 முதல் கட்டாயமாகியுள்ள ஐஎம்டிஜி (அபாயகரமான சரக்கின் கடல்வழிப் போக்குவரத்துக்கான அனைத்துலக விதித்தொகுப்பு) திருத்தத்தின்படி, கடல்வழியில் அபாயகரமான சரக்காகவே அறிவிக்கப்பட வேண்டும்.

பேட்டரிகள்

சிறு நிறுவனங்கள் அதிகம் தடுமாறுவது லித்தியம் பேட்டரியில்தான். லித்தியம் அயன் பேட்டரி தனியாகச் சென்றால் ஐநா எண் 3480. கருவியுடன் ஒரே பெட்டியில் வைத்தாலோ கருவிக்குள் பொருத்தியிருந்தாலோ 3481. எண்ணுக்கு ஏற்ப விதியும் மாறும். தனிப் பேட்டரிகளைப் பயணிகள் விமானத்தில் சரக்காக ஏற்ற 2016 ஏப்ரல் 1 முதல் தடை உள்ளது. சரக்கு விமானத்திலும் மின்னேற்றம் 30 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது. 2026 ஜனவரி முதல், கருவியுடன் ஒரே பெட்டியில் வைத்து அனுப்பும் பேட்டரிகளில் 2.7 வாட்-மணிக்கு மேற்பட்டவற்றுக்கும் விமானத்தில் இதே 30 விழுக்காட்டு வரம்பு கட்டாயமாகியுள்ளது.

பேட்டரியின் திறனை அறிய வோல்ட்டை ஆம்பியர்-மணியால் பெருக்க வேண்டும். பட்டறைகளில் பயன்படும் 18 வோல்ட், 5 ஆம்பியர்-மணி டிரில் பேட்டரியின் திறன் 90 வாட்-மணி. 100 வாட்-மணியைத் தாண்டிய பேட்டரிக்கு எளிதாக்கப்பட்ட விதிகள் பொருந்தா. முழு அறிவிப்பும் வகுப்பு 9 லேபிளும் வேண்டும். ஒவ்வொரு வகைப் பேட்டரிக்கும் ஐநா 38.3 எனப்படும் பேட்டரிப் பாதுகாப்புச் சோதனையின் சுருக்கத்தைத் தயாரிப்பாளர் தரக் கடமைப்பட்டிருக்கிறார். மலிவு விலைப் பேட்டரி விற்பவர் அதைத் தர மறுத்தால் அந்தச் சரக்கை ஏற்காமல் இருப்பதே சரி. உப்பியது, நசுங்கியது, உற்பத்தியாளர் பாதுகாப்புக் குறைபாட்டுக்காகத் திரும்பப் பெற்றது போன்ற பேட்டரிகளை விமானத்தில் அனுப்பவே முடியாது. பழுது பார்க்கத் திருப்பி அனுப்பும்போது இந்த விதிதான் பெரும்பாலும் மறக்கப்படுகிறது. 2010 செப்டம்பரில் துபாயில் விழுந்த யுபிஎஸ் சரக்கு விமானத்தில் பேட்டரிகள் ஏற்றப்பட்டிருந்த பகுதியில் மூண்ட தீ, இரு விமானிகளின் உயிரைப் பறித்தது.

பொதிதல்

ஐநா சோதனையில் தேறிய பெட்டியோ பீப்பாயோ பயன்படுத்த வேண்டும் என்பது பொது விதி. அட்டைப்பெட்டியின் பக்கத்தில், வட்டத்துக்குள் ஒரு குறியும் அதையடுத்து 4ஜி/ஒய்25/எஸ்/25 என்பது போன்ற வரிசையும் அச்சிடப்பட்டிருக்கும். 4ஜி என்றால் அட்டைப்பெட்டி. ஒய் என்பது இரண்டாம், மூன்றாம் பொதிவுக் குழுப் பொருள்களுக்கு ஏற்றது என்று பொருள். எக்ஸ் மூன்று குழுக்களுக்கும், இசட் மூன்றாம் குழுவுக்கு மட்டும் ஏற்றது. அடுத்த 25, பொருளும் பெட்டியும் சேர்ந்த மொத்த எடை கிலோவில் எவ்வளவு வரை செல்லலாம் என்பதைச் சொல்கிறது. எஸ் என்பது திடப்பொருளையோ உள்கலங்களையோ (பெட்டிக்குள் வைக்கும் குப்பி, டப்பா போன்றவை) குறிக்கும். கடைசி எண் தயாரித்த ஆண்டு. குறி அச்சிடப்பட்டிருந்தால் மட்டும் போதாது. எந்த டேப், எத்தனை பட்டை, எந்த உள்கலம், மூடியை எவ்வளவு முறுக்க வேண்டும் என்று பெட்டி தயாரித்தவர் தரும் மூடும் குறிப்பை அப்படியே பின்பற்றினால்தான் அந்தச் சோதனைச் சான்று செல்லுபடியாகும்.

திரவப் பீப்பாயை விளிம்பு வரை நிரப்பாதீர்கள். 55 டிகிரி செல்சியஸில் திரவம் விரிந்தாலும் கலம் முழுமையாக நிறைந்துவிடாதபடி இடைவெளி விட வேண்டும் என்று விதி சொல்கிறது. நம் வெயிலில் நாள் முழுவதும் நிற்கும் இரும்புக் கொள்கலனை ஒருமுறை தொட்டுப் பார்த்தவருக்கு இதன் காரணம் புரியும். நிரப்பிய பீப்பாயைச் சிறிது நேரம் தலைகீழாக நிறுத்தி, மூடியின் மரையில் வெள்ளைத் தாளை ஒற்றிப் பாருங்கள். ஈரம் பட்டால் அந்த மூடியை மாற்றுங்கள். கடும் நச்சுப் பொருள், வாயு, புகையும் அமிலம் ஆகியவற்றில் இந்தச் சோதனையை நீங்களாகச் செய்யக்கூடாது. அதைப் பயிற்சி பெற்றவரிடம் விட்டுவிடுங்கள். விமானத்தில் காற்றழுத்தம் மாறுவதால், திரவத்தின் உள்கலங்கள் அந்த வேறுபாட்டைத் தாங்குபவையாக இருக்க வேண்டும்.

ஒரு கசிவு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு 'எக்ஸ்-பிரஸ் பேர்ல்' சான்று. சிங்கப்பூர்க் கொடியுடன் ஓடிய, கட்டிச் சில மாதங்களே ஆன அந்தக் கப்பலில் நைட்ரிக் அமிலக் கொள்கலன் ஒன்று கசிவது வழியிலேயே தெரிந்தது. கத்தாரின் ஹமாதிலும் குஜராத்தின் ஹசிராவிலும் அதை இறக்க முடியாமல் கப்பல் கொழும்பை நோக்கி வந்தது. 2021 மே 20ஆம் தேதி தீப்பற்றி, ஜூன் தொடக்கத்தில் மூழ்கியது. கப்பலிலிருந்து சிதறிய பிளாஸ்டிக் மணிகள் இலங்கையின் மேற்குக் கரையை நிறைத்தன. நீர்கொழும்புப் பக்கத்து மீனவர்கள் தொழிலுக்குப் போக முடியாமல் தவித்தார்கள்.

ஒரே கொள்கலனில் எதனோடு எதைச் சேர்க்கலாம் என்பதற்கு ஐஎம்டிஜி விதித்தொகுப்பில் பிரிப்பு அட்டவணை உள்ளது. நீச்சல்குளக் குளோரின் ஓர் ஆக்ஸிஜனேற்றி. பெயிண்ட் எரியும் திரவம். இரண்டையும் ஒரே வாடிக்கையாளர் கேட்டாலும் ஒன்றாக அடுக்கக்கூடாது. அமிலத்தையும் காரத்தையும், நச்சுப் பொருளையும் உணவுப் பொருளையும் சேர்ப்பது பற்றியும் இதே எச்சரிக்கை பொருந்தும். கொள்கலனின் ஒரு பகுதியில் மட்டும் அபாயகரமான சரக்கு இருந்தால் அதைக் கதவுப் பக்கம் வையுங்கள். ஏதேனும் நேர்ந்தால் எட்டி எடுக்க முடியும்.

பெட்டிகளில் ஒட்டும் சாய்சதுர லேபிள் குறைந்தது 100 மில்லிமீட்டர் அகலம் இருக்க வேண்டும். கொள்கலனின் நான்கு பக்கங்களிலும் 250 மில்லிமீட்டர் பெரிய அட்டைகள் வேண்டும். கடல்வழிக் குறிகள் மூன்று மாதம் கடல்நீரில் கிடந்தாலும் அழியாதவையாக இருக்க வேண்டும். பழைய பெட்டியை மறுபடி பயன்படுத்தினால் பழைய லேபிளைக் கிழித்துவிடுங்கள்.

ஆவணங்களும் அனுமதிகளும்

ஆவணத்தில் ஐநா எண், முறையான பெயர், வகுப்பு, பொதிவுக் குழு என்ற வரிசையை மாற்றக்கூடாது. கடைப்பெயரோ வணிகப் பெயரோ முறையான பெயருக்கு ஈடாகாது. ஃபிளாஷ் பாயிண்ட் 60 டிகிரியோ அதற்குக் குறைவாகவோ உள்ள சரக்குக்குக் கடல் ஆவணத்தில் அந்த எண்ணையும் எழுத வேண்டும். கொள்கலனில் அடுக்கியவர் தனியாகப் பொதிவுச் சான்றிதழில் கையொப்பமிட வேண்டும். விமானச் சரக்குக்கு, ஓரங்களில் சிவப்புச் சாய்கோடுகள் உள்ள அனுப்புநர் அறிவிப்பை நிரப்பி, கையொப்பமிட்ட இரண்டு படிகளை விமான நிறுவனத்திடம் கொடுக்க வேண்டும். சாங்கியில் சரக்கை ஏற்பவர் சரிபார்ப்புப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு வரிவரியாகப் பார்ப்பார். ஓர் இலக்கம் பிழையானாலும் சரக்கு திரும்பும். அந்தக் கண்டிப்பு நல்லது. அறிவிப்பில் கையொப்பமிடுபவர் விமானப் போக்குவரத்து விதிகளில் பயிற்சி பெற்றவராக இருக்க வேண்டும். அப்பயிற்சியை 24 மாதங்களுக்குள் புதுப்பிக்க வேண்டும். ஐயாட்டா என்ற அனைத்துலக விமானப் போக்குவரத்துச் சங்கத்தின் விதிநூலின் புதிய பதிப்பு ஆண்டுதோறும் ஜனவரி 1ஆம் தேதி நடப்புக்கு வருவதால், சென்ற ஆண்டுப் படிவத்தை அப்படியே நகலெடுப்பது ஆபத்து.

சிங்கப்பூரில் விமானவழிச் சரக்கைச் சிவில் விமானப் போக்குவரத்து ஆணையமும் கடல்வழிச் சரக்கைக் கடல்துறை, துறைமுக ஆணையமும் மேற்பார்க்கின்றன. கிடங்கிலிருந்து துறைமுகம் வரையிலான சாலைப் பயணத்தைப் பலர் மறந்துவிடுகிறார்கள். குறிப்பிட்ட அளவுக்கு மேல் பெட்ரோலியமோ எரியும் பொருளோ வைத்திருக்கவும் கொண்டுசெல்லவும் சிங்கப்பூர்க் குடிமைத் தற்காப்புப் படையின் உரிமம் வேண்டும். கட்டுப்படுத்தப்பட்ட ரசாயனங்களுக்குத் தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் அனுமதி வேண்டும். வாகனம் எந்த நேரத்தில், எந்தச் சாலையில் செல்லலாம் என்பதற்கும் கட்டுப்பாடு உண்டு. ஏற்றுமதி அனுமதியை டிரேட்நெட் என்ற மின்னணு விண்ணப்ப முறையின் மூலம் சுங்கத்துறையிடம் பெற வேண்டும். ஆயுதத் தயாரிப்புக்கும் பயன்படக்கூடிய ரசாயனங்களுக்கு அங்கேயே தனி அனுமதி கேட்கப்படும். சில வகைச் சரக்கைத் துறைமுகத்தில் இறக்கி வைக்க முடியாது, நேரே கப்பலில் ஏற்ற வேண்டும் என்பதால் லாரி வரும் நேரத்தை முகவரோடு முன்கூட்டியே உறுதி செய்யுங்கள்.

இவை அனைத்துக்கும் முன்னால், சரக்கைக் கட்டுவதற்கு முன்பே, கப்பல் அல்லது விமான நிறுவனம் அந்த ஐநா எண்ணை ஏற்குமா என்று எழுத்துமூலம் கேட்டுப் பெறுங்கள். உலக விதி அனுமதித்தாலும் நிறுவனம் மறுக்கலாம். இடையில் கப்பல் தொடும் துறைமுகம் மறுக்கலாம். சேரும் நாடு கூடுதல் நிபந்தனை விதிக்கலாம்.

சரக்கு கிளம்பிய பிறகும் ஆவணத்தில் கொடுத்த அவசரத் தொலைபேசி எண்ணை, பொருளைப் பற்றி விளக்கத் தெரிந்த ஒருவர் எந்நேரமும் எடுக்க வேண்டும். ஆவணப் படிகளைக் குறைந்தது மூன்று மாதம் வைத்திருங்கள். உங்கள் கிடங்கிலேயே கசிவோ புகையோ கண்டால் துடைக்க முனையாமல் ஆட்களை வெளியேற்றி, 995ஐ அழைத்து ஐநா எண்ணைச் சொல்லுங்கள். அதற்காகவே தரவுத்தாளின் ஒரு படியைக் கிடங்குக்கு வெளியிலும் வைத்திருங்கள்.