பிள்ளைச் செலவுக்குக் காசு வராதபோது: தனியே வளர்ப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருகோணமலையில் பிள்ளைச் செலவுப் பேச்சு நீதிமன்றத்தில் தொடங்குவது குறைவு. இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் ஒரு வீட்டு விறாந்தையில் கூடுவார்கள். தேத்தண்ணி வரும். "மாசம் இருபதாயிரம் தருவன், பள்ளிக்கூடச் செலவு வேற" என்று பிள்ளையின் தகப்பன் சொல்வார், எல்லாரும் தலையாட்டுவார்கள். முதல் இரண்டு மாதம் காசு வரும். மூன்றாம் மாதம் பாதி வரும். அதற்குப் பிறகு "கடல் இல்லை", "ஹோட்டலில் ஆட்களைக் குறைச்சிட்டாங்கள்", கடைசியில் போனையே எடுக்கமாட்டார். தாயும் ஒன்றரை வருடம் பொறுத்துப் பார்ப்பார்.

இந்தப் பொறுமைதான் முதல் தவறு, பெரிய தவறும் இதுதான். தாபரிப்பு என்பது பிள்ளைக்கோ துணைக்கோ கொடுக்க வேண்டிய வாழ்க்கைச் செலவுப் பணம். 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கத் தாபரிப்புச் சட்டத்தின்படி, நீதவான் நீதிமன்றம் கட்டளையிடும் மாதப் பணம் பொதுவாக விண்ணப்பம் கொடுத்த நாளிலிருந்துதான் கணக்காகும். அதற்கு முன் போன மாதங்கள் பெரும்பாலும் போனதுதான். "கோட்ஸுக்குப் போனால் மானம் போகும், கொஞ்சம் பொறு" என்று சொல்லும் சொந்தக்காரர் யாரும் அந்த மாதங்களின் டியூசன் காசைக் கட்டப்போவதில்லை. வாய்ப்பேச்சில் முடிந்தால் நல்லது, மறுக்கவில்லை. ஆனால் இரண்டு மாதம் தொடர்ந்து தவறினால் அடுத்த மாதம் விண்ணப்பம் போடுவது சண்டைக்குப் போவதாகாது.

பொலிஸில் எழுதி வைத்தால் முடிந்தது என்று நம்புவது இதோடு ஒட்டிய தவறு. சிறுவர் பெண்கள் பிரிவில் இருவரையும் கூப்பிட்டுப் பேசுவார்கள், அவர் கையெழுத்தும் வைப்பார். அந்தப் பதிவு பிற்பாடு சான்றாக உதவும், அதனால் முறைப்பாட்டு இலக்கத்தை வாங்கி வையுங்கள். ஆனால் அது நீதிமன்றக் கட்டளை அல்ல. காசு வராவிட்டால் பொலிஸாரால் வசூலித்துத் தர முடியாது. நீதவானின் கட்டளை இருந்தால் கதை வேறு: சம்பளக்காரராக இருந்தால் சம்பளத்திலேயே கழிக்கச் சொல்லலாம், கட்டாமல் விட்ட ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு மாதம் வரை சிறை விதிக்கவும் சட்டத்தில் இடமுண்டு. அவர் உள்ளே போவதால் உங்களுக்கு ஒரு சதம் வராது என்பது உண்மைதான். ஆனாலும் பிடியாணை என்றதும் எங்கிருந்தோ அண்ணன்மாரும் மாமாமாரும் காசோடு வந்து நிற்பதுதான் வழமை.

சரி, வழக்கே போட முடியாது என்று நினைத்துப் பின்வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். "எழுத்து எழுதவில்லை, கோயிலில் தாலி கட்டினதோடு சரி" என்பார்கள். பதிவுத் திருமணம் இல்லாவிட்டாலும் பிள்ளைக்கு உரிமை உண்டு. தகப்பன் இவர்தான் என்பதை வலுவான சான்றுடன் நீதவானுக்குக் காட்ட வேண்டும், அவ்வளவுதான். பிறப்புச் சான்றிதழில் அவர் பெயரும் கையொப்பமும் இருந்தால் பாதி வேலை முடிந்தது. "விவாகரத்து முடியட்டும், பிறகு கேட்போம்" என்பதும் தேவையில்லாத காத்திருப்பு. விவாகரத்து மாவட்ட நீதிமன்றத்தில் வருடக்கணக்கில் இழுபடலாம். தாபரிப்பு நீதவான் நீதிமன்றத்தில் தனியாக நடக்கும்.

இங்கே ஒரு கண்ணி இருக்கிறது, பலருக்குத் தெரியாது. "இருவரும் விரும்பிப் பிரிந்து வாழ்கிறோம்" என்று ஒரு தாளை நீட்டிக் கையெழுத்துக் கேட்பார்கள். பரஸ்பர சம்மதத்தோடு பிரிந்து வாழும் கணவனோ மனைவியோ தமக்கென்று தாபரிப்புப் பெற முடியாது என்று அதே சட்டம் சொல்கிறது. பிள்ளையின் பணத்தை அது தொடாது. ஆனாலும் சட்டத்தரணி ஒருவருக்குக் காட்டாமல் எதிலும் கையெழுத்து வைக்காதீர்கள். "எனக்கு ஒன்றும் வேண்டாம், ஆளை விட்டால் போதும்" என்று வீராப்பில் எழுதிக் கொடுப்பதும் இப்படித்தான். உங்களுக்குரியதை விடுவது உங்கள் விருப்பம். பிள்ளைக்குரியது பிள்ளைக்குரியது.

இனி வழக்குக்குப் போகிறவர்கள் விடும் தவறு: வெறுங்கையோடு போவது. "மாசம் எவ்வளவு செலவாகுது?" என்று கேட்டால், "நிறைய, ஐயா" என்பது பதில் அல்ல. ஒரு எண்பது தாள் கொப்பி வாங்குங்கள். இன்றைக்கே எழுதத் தொடங்குங்கள்: பால்மா, வெள்ளைச் சீருடை தைத்த கூலி, சப்பாத்து, கணித டியூசன், ஓட்டோ மாதக் காசு, இருமலுக்கு வாங்கிய மருந்து. பற்றுச்சீட்டு கிடைத்தால் அந்தப் பக்கத்திலேயே ஸ்டேப்ளர் அடியுங்கள். கடைக்காரர் சீட்டுத் தராவிட்டால் திகதியும் தொகையும் போதும். மூன்று மாதக் கொப்பி ஒன்று, முப்பது நிமிட அழுகையைவிட நீதிமன்றத்தில் நன்றாகப் பேசும். அவர் இடையிடையே தரும் காசையும் அதில் எழுதுங்கள். மறைத்தால், அவர் வங்கிச் சிட்டையைக் காட்டும்போது உங்கள் பேச்சு முழுவதும் சந்தேகத்துக்குரியதாகிவிடும். இதே காரணத்துக்காக, கையில் காசு வாங்குவதை நிறுத்தி வங்கிக் கணக்கில் போடச் சொல்வது இருபக்கத்துக்கும் நல்லது.

அடுத்தது அவருடைய வருமானம். நம்முடைய மாவட்டத்தில் இதுதான் சிக்கல், ஏனென்றால் பாதிப் பேருக்குச் சம்பளச் சிட்டை கிடையாது. உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் சுற்றுலாப் பயணிகளை நம்பி உழைப்பவருக்கு மே தொடங்கி செப்டெம்பர் வரைதான் கை நிறையக் காசு. கடற்றொழிலாளிக்கு மாரி காலத்தில் வள்ளம் கரையில். அவர் ஜனவரியில் வந்து நின்று "வருமானமே இல்லை" என்றால், அது பொய்யும் அல்ல, முழு உண்மையும் அல்ல. வள்ளம் யார் பெயரில், எஞ்சின் எப்போது வாங்கினார், மோட்டார் சைக்கிள் லீசிங்கா, சீசனில் எந்த ஹோட்டலுக்கு ஆள் ஏற்றினார் என்று நீங்கள் அறிந்ததைத் திகதியோடு சட்டத்தரணியிடம் சொல்லுங்கள். உழைக்கக்கூடிய உடம்போடு சும்மா இருப்பதை நீதிமன்றம் எளிதில் ஏற்றுக்கொள்ளாது. ஊகத்தை மட்டும் சொல்லாதீர்கள். "மாசம் மூன்று இலட்சம் உழைக்கிறார்" என்று வாய்க்கு வந்ததைச் சொல்லி, குறுக்கு விசாரணையில் மாட்டிக்கொள்பவர்கள் உண்டு. நிலைமை மாறினால் தொகையைக் கூட்டவோ குறைக்கவோ பிறகு கேட்கலாம், அதனால் முதல் நாளே பெரிய தொகைக்கு அடம்பிடிக்கத் தேவையில்லை.

சட்டத்தரணிக்குக் காசில்லை என்பவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம். 1978இல் இயற்றப்பட்ட சட்டத்தின் கீழ் வந்தது அது. வருமானம் குறைந்தவர்களுக்கு இலவசமாக வழக்குப் பேசுவார்கள். எங்கே தொடங்குவது என்றே தெரியாவிட்டால் பிரதேச செயலகத்திலுள்ள பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தரைக் கேளுங்கள், அல்லது 1938 என்ற பெண்கள் உதவி இலக்கத்துக்கு எடுங்கள்.

கிண்ணியா, மூதூர், புல்மோட்டைப் பக்கத்து முஸ்லிம் சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. முஸ்லிம் திருமணச் சட்டத்தின் கீழ் மணம் முடித்தவர்களின் தாபரிப்பு, முஸ்லிம் குடும்ப வழக்குகளைக் கேட்கும் காதி நீதிமன்றத்துக்குரியது. நேரே நீதவானிடம் போய் விண்ணப்பம் கொடுத்துத் திரும்பி வருவதில் ஒரு நாள் கூலி வீண். காதி முன் சட்டத்தரணி உங்களுக்காகப் பேச முடியாது, நீங்களே பேச வேண்டும். ஆகவே அந்தக் கொப்பி உங்களுக்கு இன்னும் அவசியம். காதி கட்டளையிட்டும் அவர் கட்டவில்லை என்றால், அந்தப் பணத்தை நீதவான் நீதிமன்றத்தின் ஊடாக அறவிட வழியுண்டு. கட்டளை கிடைத்ததோடு பைலை மூடி அலுமாரியில் வைத்துவிடாதீர்கள்.

கட்டாரிலோ குவைத்திலோ இருப்பவர் என்றால் கட்டளை வாங்குவதைவிட அதை நடைமுறைப்படுத்துவது கடினம். அவர் லீவில் வரும் நாளை முன்கூட்டியே அறிந்து, அழைப்பாணை கையளிக்கத் தோதாக விண்ணப்பத்தைத் தயாராக வைத்திருங்கள். விமானம் ஏறிய பிறகு ஓடுவதில் பயனில்லை. அப்புறம், இந்தக் கதை எப்போதும் தகப்பனைப் பற்றியது மட்டுமல்ல. தாய் வெளிநாட்டில் வீட்டு வேலை செய்து உழைக்க, தகப்பனோ அம்மம்மாவோ இங்கே பிள்ளை வளர்க்கும் வீடுகளும் ஏராளம். சட்டத்துக்கு ஆண் பெண் பேதமில்லை. உழைக்கும் தாயும் பொறுப்பு.

"அப்பாட்டக் கேளு, உனக்குச் சப்பாத்து வேணுமெண்டு" என்று பிள்ளையின் கையில் போனைக் கொடுப்பதைத் தயவுசெய்து நிறுத்துங்கள். மறுமுனையில் "கொம்மாட்டச் சொல்லு" என்று வரும். ஒன்பது வயதுப் பிள்ளை இருவருக்கும் நடுவில் போனைப் பிடித்துக்கொண்டு நிற்கும். காசு தராததற்காகப் பிள்ளையைப் பார்க்க விடாமல் தடுப்பதும் கூடாது. தாபரிப்பு வேறு, பிள்ளையின் பொறுப்பும் பார்க்கும் உரிமையும் வேறு. நீங்கள் தடுத்தால், காசு கட்டாதவர் நீதிமன்றத்தில் பாதிக்கப்பட்டவர்போல் நிற்பார். அடி, மிரட்டல் என்று பாதுகாப்புப் பிரச்சினை இருந்தால் அது வேறு விடயம், அதை உடனே பொலிஸில் சொல்லுங்கள். பிள்ளைக்கு ஆபத்து என்றால் 1929க்கு அழைக்கலாம்.

வராத காசின் இடத்தைக் கிழமைக் கடனால் நிரப்பாதீர்கள். வெள்ளிக்கிழமை வாசலுக்கு வரும் கடன்காரருக்கு நீதிமன்றத் தவணை தெரியாது. ஒன்றைக் கட்ட இன்னொன்று எடுத்து, நான்கு கடன் கம்பனிகளின் புத்தகங்களோடு நிற்கிற பெண்களை நம் கிராமங்களில் தேடத் தேவையில்லை.

பிள்ளைக்குப் பதினெட்டு ஆனால் எல்லாம் முடிந்தது என்றும் பலர் கொப்பியை மூடிவிடுகிறார்கள். 18க்கும் 25க்கும் இடைப்பட்ட, தன்னைத் தானே பார்த்துக்கொள்ள முடியாத பிள்ளைக்கும் பெற்றோரிடம் தாபரிப்புக் கேட்க அதே சட்டத்தில் வழி இருக்கிறது. உயர்தரம் முடித்து கோணேசபுரி வளாகத்துக்கோ பேராதனைக்கோ போகிற பிள்ளையின் விடுதிக் காசு, பஸ் காசு எல்லாம் இதில் பேசப்படக்கூடியவை. பதினெட்டாவது பிறந்தநாளுக்குச் சில மாதங்களுக்கு முன்பே, அனுமதிக் கடிதம், பெறுபேற்றுப் பத்திரம், பழைய கட்டளையின் பிரதி மூன்றையும் எடுத்துக்கொண்டு சட்டத்தரணியைப் பாருங்கள்.