காருக்கு எவர்சில்வர் ஆயில் டேங்க்: வீட்டிலேயே செய்வது எப்படி?

என் பழைய மாருதி எஸ்டீம் கார், வேகமாக வளைவில் திரும்பும்போதெல்லாம் நீலப் புகை விட்டது. எஞ்சின் தேய்ந்துவிட்டது என்று இரண்டு மெக்கானிக்குகள் தீர்ப்புச் சொன்னார்கள். தேயவில்லை. வளைவில் ஒருபக்கமாக ஒதுங்கிய எண்ணெய், எஞ்சினுக்குள் சேரும் ஆவியை வெளியேற்றும் பிரீதர் குழாய் வழியாக ஏறி ஏர் ஃபில்டருக்குள் போய்க்கொண்டிருந்தது. அந்தக் குழாயைத் திருப்பி எண்ணெயைப் பிடித்துவைக்கும் ஒரு கேட்ச் டேங்கில் விட்டால் போதும்: எண்ணெய் அடியில் தங்கும், ஆவி மேலே போகும்.

முதலில் ஒரு பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலைக் கட்டிவைத்தேன். பந்தயத்துக்கு முன் காரைச் சோதித்தவர் அதை இரண்டு விரலால் தூக்கிக் காட்டிவிட்டு ஒன்றும் சொல்லாமல் நகர்ந்துவிட்டார். மாருதி 800 எஞ்சினை வைத்துக் கரிவரதன் பந்தயக் கார் கட்டிய கோயம்புத்தூரில் இருந்துகொண்டு பாட்டில் கட்டுவது எனக்கே வெட்கமாக இருந்தது. ஒழுங்காகச் செய்வோம் என்று இறங்கினேன். இறங்கி, மூன்று டேங்க் செய்தேன். முதல் இரண்டும் என்ன ஆயின என்பதுதான் இந்தப் பதிவின் முக்கியப் பகுதி.

அளவு: பன்னாட்டு மோட்டார் கூட்டமைப்பின் விதிப்படி 2,000 சிசி வரையுள்ள எஞ்சினுக்குக் குறைந்தது 2 லிட்டர், அதற்கு மேல் 3 லிட்டர். உள்ளே எவ்வளவு இருக்கிறது என்று வெளியிலிருந்து தெரியவும் வேண்டும். என்னுடையது 1,298 சிசி. நான்கு அங்குல வெளிவிட்டமும் ஒன்றரை மில்லிமீட்டர் கனமும் உள்ள குழாயில் 30 சென்டிமீட்டர் வெட்டினால் ஏறத்தாழ 2.3 லிட்டர் கிடைக்கும். குட்டையான பெட்டியைவிட ஒல்லியான நெட்டைக் குழாயே நல்லது. வளைவில் எண்ணெய் அலம்பாது.

குழாய் வாங்கும்போது ஏமாறாதீர்கள். மாடிப்படிக் கைப்பிடிக்கு விற்பது பெரும்பாலும் 202 ரக எவர்சில்வர். நமக்கு வேண்டியது 304. காந்தம் வைத்துப் பார்ப்பது வீண், இரண்டிலும் ஒட்டாது. கடைக்காரரிடமே சோதனைத் திரவம் இருக்கும். ஒரு சொட்டு விட்டு ஒன்பது வோல்ட் பேட்டரியை வைத்தால் 202 சிவந்துவிடும்.

வெட்டுவதற்கு ஸ்டெயின்லெஸ்ஸுக்கென்றே வரும் ஒரு மில்லிமீட்டர் வட்டு போதும். குழாயைச் சுற்றி ஒரு தாளை இறுக்கி, விளிம்போடு விளிம்பு சேர்த்து, அதையே கோடாக வைத்து வெட்டுங்கள். சாதாரண இரும்பில் ஓட்டிய வட்டையும் கம்பிப் பிரஷ்ஷையும் பக்கத்தில்கூட வைக்காதீர்கள். இரும்புத் துகள் ஒட்டிய இடமெல்லாம் ஒரே மழையில் துரு பூக்கும். மேல்மூடி, அடிமூடி இரண்டையும் லேத் பட்டறையில் கொடுத்துவிடுங்கள். கையால் வட்டம் வெட்டுகிறேன் என்று நான் பாழாக்கிய தகடுகளை எண்ணிச் சொல்ல மாட்டேன். மூடிக்கும் குழாய்க்கும் இடையே தாள்கூட நுழையக் கூடாது.

மூடிகளை வைப்பதற்கு முன்பே உள்ளே ஒரு தடுப்பு வேண்டும். மூன்று மில்லிமீட்டர் துளைகள் போட்ட வட்டத் தகட்டை மேலிருந்து மூன்றில் ஒரு பங்கு ஆழத்தில் பொருத்துங்கள். அதன்மேல் பாத்திரம் தேய்க்கும் எவர்சில்வர் நார் இரண்டு உருண்டை. பிரீதரிலிருந்து வரும் குழாய் தடுப்புக்குக் கீழே முடிய வேண்டும்; ஆவி வெளியேறும் வழி நாருக்கு மேலே. நார் இரும்பாக இருந்தால் துருப்பிடித்து உதிரும், பார்த்து வாங்குங்கள்.

இனி ஆர்கான் வெல்டிங்: ஆர்கான் வாயு காற்றை விலக்க, டங்ஸ்டன் முனையின் தீப்பொறியால் உருக்கி ஒட்டுவது. 1.6 மில்லிமீட்டர் டங்ஸ்டன், 45 முதல் 50 ஆம்பியர், உருக்கி நிரப்ப 308எல் கம்பி. டங்ஸ்டனில் சிவப்பு முனையை நான் தொடுவதில்லை. அதில் தோரியம் இருக்கிறது, தீட்டும்போது அந்தத் தூசியை மூச்சில் இழுக்க வேண்டாம். நீல முனை அதே வேலையைச் செய்கிறது. எவர்சில்வர் சூட்டைச் சட்டென்று கடத்தாது, ஆனால் சாதாரண இரும்பைவிட ஒன்றரை மடங்கு விரியும். அதனால் ஒரே ஓட்டமாக ஓட்டினால் மூடி அப்பளம்போல் கோணிக்கொள்ளும். எதிரெதிராக எட்டு டேக் (சிறு ஒட்டுப்புள்ளி) வைத்து, இரண்டு அங்குலம் ஓட்டி, ஆறவிட்டு, எதிர்ப்பக்கம் போங்கள். சாக்கெட்டுகளை, அதாவது குழாய்களைத் திருகுவதற்கான மரையுள்ள வாய்களை, பற்றவைக்கும்போது பித்தளை நிப்பிள் (மரை போட்ட குட்டைக் குழாய்) ஒன்றைத் திருகி வைத்தே செய்யுங்கள், இல்லையென்றால் மரை சுருங்கிப் பின்னால் எதுவும் ஏறாது.

என் முதல் டேங்க் வெளியே பார்க்க அழகு. வெல்டு முழுதும் பொன்னிறம். பின்னால் சொல்லும் மண்ணெண்ணெய்ச் சோதனையிலும் தேறியது. சில நாள் தடத்தில் ஓடியதும் அடித் தையலில் எண்ணெய் கசிந்தது. குறுக்கே அறுத்துப் பார்த்தேன். வெல்டின் உட்பக்கம் முழுதும் கரிய மொரமொரப்பு, அடிபிடித்த வெல்லப்பாகுபோல. நகத்தால் சுரண்டினால் பொடியாக உதிர்ந்தது. வெளியே ஆர்கான் காத்தது. உள்ளே சூடான உலோகத்தைக் காற்று தின்றுவிட்டது. அந்தக் கருக்கல்தான் ஊசித்துளைகளை முதல் நாள் அடைத்துவைத்திருந்தது. அதிர்வில் அது உதிர்ந்ததும் கசிவு.

ஆகவே உள்ளேயும் ஆர்கான் நிரப்ப வேண்டும். ஆர்கான் காற்றைவிடக் கனமானது. அடியிலுள்ள வடிகால் சாக்கெட் வழியாக உள்ளே விட்டு, மேல் வழியாகக் காற்றை வெளியேற்றுங்கள். நிமிடத்துக்கு ஐந்து லிட்டர் அளவில் மூன்று நிமிடம் விட்டுவிட்டுத் தொடங்கினால் இந்த அளவு டேங்குக்குப் போதும். பிறகு பாதியாகக் குறைத்துக்கொள்ளலாம். மற்றத் துளைகளை அலுமினியத் தாளால் மூடுங்கள்.

இங்கேதான் இரண்டாவது டேங்க் போனது. கொஞ்சம் ஆர்கானும் வீணாகக் கூடாது என்று மேல் துளையையும் இறுக்கி ஒட்டிவிட்டேன். சுற்று முழுதும் நன்றாக வந்தது. கடைசி ஒரு அங்குலத்தில், உருகிய குட்டை பலூன்போல் உப்பி, 'பட்'டென்று வெடித்து என் கையுறைமேல் தெறித்தது. சுண்டுவிரல் நுழையும் ஓட்டை. அடைக்க அடைக்க வெடித்தது. பக்கத்துப் பட்டறை அண்ணன் எட்டிப் பார்த்துவிட்டு, "காற்றுப் போக வழி விட்டாயா, தம்பி?" என்று மட்டும் கேட்டார். உள்ளே போகிற ஆர்கானுக்கு வேறு வழி இல்லை. நான் மூடிக்கொண்டிருந்த இடம்தான் அதற்குக் கடைசி வாசல். மேலே ஒட்டும் தாளில் பேனா முனையளவு துளை போடுங்கள். கடைசி அங்குலத்துக்கு வரும்போது துளையருகே கன்னத்தை வைத்துப் பாருங்கள், மெல்லிய மூச்சுப்போல் படவேண்டும். அதிகமாகப் பட்டால் ஆர்கானைக் குறையுங்கள்.

சோதனைக்குச் சாக்பீஸைப் பொடித்து நீரில் குழைத்து வெளித் தையல்களில் பூசிக் காயவிடுங்கள். உள்ளே மண்ணெண்ணெய் ஊற்றி அரை மணி நேரம் காத்திருந்தால், கசிவு இருக்கும் இடம் வெள்ளையில் ஈரப்புள்ளியாகத் தெரியும். டயருக்குக் காற்றடிக்கும் கம்பிரஸரை மாட்டிச் சோதிக்கவே கூடாது. தட்டையான மூடி அந்த அழுத்தத்துக்குச் செய்ததல்ல.

அளவு தெரிய, பக்கவாட்டில் மேலும் கீழும் இரண்டு எல்போ (வளைந்த இணைப்பு) வைத்துத் தெளிவான பாலியூரித்தேன் குழாய். மீன்தொட்டிக் குழாய் சூட்டில் மஞ்சளாகி விறைத்துப்போகும். காரில் பொருத்த, டேங்கில் பிராக்கெட் பற்றவைக்காதீர்கள். விரிசல் அங்கிருந்துதான் தொடங்கும். ரப்பர் வைத்த வளையக் கிளாம்ப் இரண்டு போதும். பிரீதரைவிடத் தாழ்வாக, எக்ஸாஸ்டுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். சாலையில் ஓடும் கார் என்றால் ஆவியை வெளியே விடாமல் மேல் குழாயை ஏர் ஃபில்டருக்கே திருப்பிவிடுங்கள்.

பின்சேர்க்கை: ஒரு வாசகர் ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) சாக்கெட் வைத்துப் பற்றவைத்து, சுற்றிலும் மயிர்க்கோடாக விரிசல் விட்டதைப் படமெடுத்து அனுப்பினார். நான் சொல்லாதது என் தவறு. துத்தநாகம் உருகி எவர்சில்வருக்குள் இறங்கினால் அது பிளக்கும், புகையும் நஞ்சு. சாக்கெட்டும் 304 ஆகவே இருக்கட்டும். இன்னொருவர், எண்ணெய் ஓடிய டேங்கை அப்படியே பற்றவைக்கலாமா என்று கேட்டார். கூடாது, உள்ளே தங்கிய ஆவி வெடிக்கும். சோப்பு கலந்த வெந்நீரால் பலமுறை கழுவி, முழுதும் காயவைத்து, ஆர்கான் நிரப்பிய பிறகுதான் நெருப்பு. பிரேக் கிளீனரால் கழுவிவிட்டு வெல்டிங் செய்யவே செய்யாதீர்கள். குளோரின் உள்ளதாக இருந்தால் உயிருக்கே ஆபத்தான வாயு வரும்.

சேர்ந்த எண்ணெயை எஞ்சினுக்கே திருப்பி ஊற்றலாமா என்று பலர் கேட்கிறீர்கள். மழைக்காலக் காலையில் வடிகாலைத் திறந்து ஒரு கண்ணாடி டம்ளரில் பிடித்துப் பாருங்கள். எனக்குப் பாதி டம்ளர் வந்தது, பால் அதிகமான காப்பி நிறத்தில், பெட்ரோல் வாசனையோடு.