வாய் திறக்க முடியாத நாளில் டாக்டரைப் பார்ப்பது எப்படி

மனச்சோர்வு நோயோடு முதல் தடவை டாக்டரிடம் போனபோது நான் சொன்னது ஒரே வரி: "தூக்கம் சரியா வரல டாக்டர்." தூக்க மாத்திரை எழுதிக் கொடுத்தார். மூன்றே நிமிடத்தில் வெளியே வந்துவிட்டேன். நாலு நாளாகக் குளிக்கவில்லை, போன் அடித்தால் போர்வைக்குள் புகுந்துகொள்கிறேன், நான் இல்லாவிட்டால் வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி என்று தோன்றுகிறது. இதில் எதையும் நான் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

அடுத்த தடவை எழுதிக்கொண்டு போனேன். கரண்ட் பில்லின் பின்பக்கத்தில் எட்டு வரி. அதை எழுதவே இரண்டு நாள் ஆனது. வேறொரு டாக்டர், பேசாமல் தாளை நீட்டினேன். படித்துவிட்டு அவரே ஒவ்வொன்றாகக் கேட்க ஆரம்பித்தார், நான் தலையாட்டினால் போதும் என்றானது. அதனால் உங்களுக்கும் அதையே சொல்கிறேன்: என்ன பேசுவது என்று ஒத்திகை பார்க்க வேண்டாம், எழுதி எடுத்துப் போங்கள்.

சாக வேண்டும் என்று தோன்றுகிறதென்றால் அதுதான் முதல் வரி. கடைசியில் எழுதினால் அதற்குள் நேரம் முடிந்துவிடும். அப்புறம், எத்தனை நாளாக இப்படி என்பது. இரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்கிறதா என்று டாக்டர்கள் பார்ப்பார்கள். "சோகமாக இருக்கிறது" என்பதைவிட "பல் தேய்க்கக்கூட எழ முடியவில்லை" என்று எழுதினால் அவருக்கு நிறையப் புரியும். சாப்பிடும் மற்ற மாத்திரைகள், குடிப்பழக்கம், குடும்பத்தில் யாருக்காவது இந்த நோய் இருந்ததா என்பதும் வேண்டும். எப்போதாவது பல நாள் தூக்கமே தேவைப்படாமல், கட்டுக்கடங்காத உற்சாகத்தில் பறந்திருக்கிறீர்களா? அதை மறைக்காதீர்கள். இருமுனைக் கோளாறு (அளவுகடந்த உற்சாகமும் மனச்சோர்வும் மாறி மாறி வரும் நோய்) உள்ளவருக்கு மனச்சோர்வு மாத்திரையை மட்டும் கொடுத்தால் நிலைமை இன்னும் மோசமாகலாம்.

தற்கொலை எண்ணம் திட்டமாக மாறிவிட்டால் அப்பாயின்ட்மென்ட்டுக்குக் காத்திருக்காதீர்கள். தனியாக இருக்க வேண்டாம். யாரையாவது கூப்பிட்டு ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். யாரும் கிடைக்காவிட்டால் அவசர உதவி எண்ணையோ தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணையோ அழையுங்கள். வீட்டிலுள்ள மாத்திரைகளை வேறொருவர் கையில் கொடுத்துவிடுவதும் அவசியம்.

உதவி கேட்பதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. "எனக்கு மனசு சரியில்லை" என்றால் எதிரே இருப்பவர் ஆறுதல்தான் சொல்வார். நான் அக்காவுக்கு மெசேஜ் போட்டேன்: "என்னால முடியல. புதன்கிழமை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறியா?" மறுபேச்சே இல்லை, நேரம் வாங்கியதும் அவள்தான்.

மனநல மருத்துவர் மாத்திரை எழுதுவார். உளவியலாளர் பேச்சுவழி சிகிச்சை தருவார். கடுமையான மனச்சோர்வுக்குப் பெரும்பாலும் இரண்டையும் சேர்த்தே சொல்வார்கள். யாரிடம் போவதென்று குழம்பினால் வழக்கமாகப் பார்க்கும் டாக்டரிடமே தொடங்கலாம். எனக்கு 9 கேள்விகள் கொண்ட ஒரு படிவம் கொடுத்தார்கள். மொத்த மதிப்பெண் 27. 20 அல்லது அதற்கு மேல் என்றால் கடுமை. நான் 22. பரீட்சையில்கூட இவ்வளவு அக்கறையாக யாரும் என் மார்க்கைப் பார்த்ததில்லை! தைராய்டு, ரத்தசோகை, பி12 குறைபாடும் இப்படிச் சோர்வைக் கொடுக்கும் என்பதால் ரத்தப் பரிசோதனையும் எழுதினார்கள்.

எனக்குக் கொடுத்த மனச்சோர்வு மாத்திரையின் பெயர் செர்ட்ராலின். முதல் பத்து நாள் குமட்டலும் தலைவலியும் மட்டும்தான் கிடைத்தன, பலன் துளியும் இல்லை. நிறுத்திவிடலாம் என்று தோன்றியது அப்போதுதான். பலன் தெரிய சில வாரங்கள் ஆகும், முழுசாகத் தெரிய ஆறு முதல் எட்டு வாரம்கூட ஆகலாம் என்று முன்பே சொல்லியிருந்ததால் தாக்குப்பிடித்தேன். மாற்றத்தை முதலில் கவனித்தது அக்கா. ஐந்தாவது வாரம் "இந்த ஜன்னல் திரை எவ்வளவு அழுக்கு" என்று நான் முணுமுணுத்தேனாம். பல மாதத்தில் எனக்கு ஒன்றைப் பற்றி அபிப்பிராயம் வந்தது அதுதான் முதல் தடவை.

மாத்திரை தொடங்கிய முதல் வாரங்களில், முக்கியமாக 25 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு, தற்கொலை எண்ணம் கூடலாம். கூட இருப்பவர் கவனிக்க வேண்டும், கூடினால் உடனே டாக்டரிடம் சொல்ல வேண்டும். கொஞ்சம் தேறியதும் மாத்திரையைச் சட்டென்று நிறுத்தக் கூடாது. தலைசுற்றலும், தலைக்குள் ஷாக் அடிப்பது போன்ற உணர்வும் வரலாம். குணமான பிறகும் குறைந்தது ஆறு மாதமாவது தொடரச் சொல்வார்கள். அப்புறம் டாக்டர் சொல்படி படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

நான் பார்த்த முதல் உளவியலாளர் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மாற்றிவிட்டேன், இன்றுவரை குற்ற உணர்ச்சி இல்லை. இரண்டாமவர் கொடுத்த முதல் வீட்டுப்பாடம், தினமும் மாலை வாசல் வரை போய் வருவது. அவ்வளவுதான். சிரிப்பு வந்தது, ஆனால் அதையே மூன்று நாள் செய்ய முடியவில்லை.

மாத்திரைகள் பலிக்காவிட்டால் மின் அதிர்வு சிகிச்சை, அதாவது மூளைக்குள் சிறிய அளவு மின்சாரம் செலுத்தும் சிகிச்சை, பற்றிப் பேசுவார்கள். சினிமாவில் காட்டுவதை மறந்துவிடுங்கள். மயக்க மருந்து கொடுத்துத்தான் செய்கிறார்கள். சிலருக்குத் தற்காலிக மறதி வருவதுண்டு, அதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு முடிவெடுங்கள்.

ஒவ்வொரு முறையும் அடுத்த தேதியை வாங்கிக்கொண்டுதான் கிளம்புவேன். மூன்றாவது தடவையும் சீட்டு எழுதிப் போனேன். அதில் இரண்டே வரி. இரண்டாவது, மாத்திரையால் வாய் வறண்டுபோகிறது என்ற புகார்.