கொழும்புல எஸ்டிடி செக் பண்ண போறீங்களா? டொக்டர்கிட்ட இத கட்டாயம் சொல்லுங்க

எஸ்டிடின்னா செக்ஸால தொத்துற நோய்கள். ஆம்பிளைங்களோட படுக்கிற ஆம்பிளைங்களுக்கும் திருநங்கைங்களுக்கும்தான் இது. நம்ம ஆக்கள் நிறைய பேர் புண்ணோ எரிச்சலோ வந்தாத்தான் கிளினிக் பக்கம் போறது, இல்லாட்டி ஏதாவது ஒரு லேப்ல எச்ஐவி மட்டும் பாத்துட்டு நெகடிவ்னு வந்ததும் "ஆல் க்ளியர்"னு மெசேஜ் போடுறது. எச்ஐவி நெகடிவ்னா எச்ஐவி மட்டுந்தான் நெகடிவ், சிபிலிஸும் கொனோரியாவும் அதுல தெரியாது.

கொழும்பு 10ல, மருதானை பக்கம், டி சேரம் பிளேஸ்ல அரசாங்கத்தோட சென்ட்ரல் எஸ்டிடி கிளினிக் இருக்கு. காசு கட்டத் தேவையில்ல, விஷயம் வெளியில போகாது. அங்க தெரிஞ்ச ஆள் யாரும் கண்டுடுவாங்கன்னு பயமா, மத்த ஊர் பெரிய அரச ஆஸ்பத்திரிகள்லயும் எஸ்டிடி கிளினிக் இருக்கு, அங்க போங்க. ஆம்பிளைக்கு ஆம்பிளை செக்ஸ் வச்சா குத்தம்னு சொல்ற 365ஏ சட்டம் இருக்கே, பிடிச்சு குடுத்துடுவாங்களான்னு கேக்குறவங்களும் இருக்காங்க. அந்த சட்டம் இன்னும் புத்தகத்துல இருக்குறது உண்மைதான், அத மாத்துற சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரண் இல்லன்னு 2023ல சுப்ரீம் கோர்ட் சொல்லியும் அது நிறைவேறல, ஆனா கிளினிக் வைத்தியம் பாக்குற இடம், பொலிஸ் ஸ்டேஷன் இல்ல.

உள்ள போனதும் வெக்கத்த வெளியில வச்சிட்டு, எந்தெந்த வழியில செக்ஸ் நடந்துச்சுன்னு டொக்டர்கிட்ட தெளிவா சொல்லுங்க. வாயா, பின்பக்கமா, நீங்க செஞ்சீங்களா, உங்களுக்கு செஞ்சாங்களா, ஆபரேஷன் செஞ்ச திருநங்கைன்னா அதையும். ஏன்னா கொனோரியா, கிளமிடியா ரெண்டும் தொண்டையிலயும் ஆசனவாயிலயும் இருந்தா அநேகமா வலியும் இல்ல ஒண்ணும் இல்ல, யூரின் டெஸ்ட்லயும் பிடிபடாது, அந்தந்த இடத்துல ஸ்வாப் (பஞ்சுக் குச்சியால தடவி) எடுத்து பாத்தாத்தான் தெரியும். நீங்க பொண்டாட்டி கதைய மட்டும் சொல்லிட்டு வந்தா அவங்க அதுக்கேத்த டெஸ்ட்தான் எடுப்பாங்க. அவங்களா கேக்கலன்னா நீங்களே "தொண்டையிலயும் பின்னாலயும் ஸ்வாப் எடுக்கணுமா"ன்னு கேளுங்க.

சிபிலிஸ் ஒரு கள்ளன். முதல்ல வலிக்காத புண் ஒண்ணு வரும், வாய்க்குள்ளயோ பின்னாலயோ வந்தா உங்க கண்ணுலயே படாது, மருந்து போடாமலே சில கிழமையில ஆறிடும், சுகமாயிட்டுதுன்னு நெனச்சிட்டு இருப்பீங்க, பிறகு உள்ளங்கை உள்ளங்கால்லயெல்லாம் தடிப்பு வரும், அதுவும் போயிடும், ஆனா கிருமி ரத்தத்துல அப்படியே இருக்கும். ஆரம்பத்துல பிடிச்சா ஒரு தடவை பென்சிலின் ஊசியோட முடியுற விஷயம். பென்சிலின் ஒத்துக்காதுன்னா முன்னாடியே சொல்லிடுங்க.

நேத்து நடந்ததுக்கு இன்னைக்கு டெஸ்ட் எடுத்து பிரயோசனம் இல்ல. கொனோரியா, கிளமிடியாவுக்கு ரெண்டு கிழமை, லேப்ல எடுக்குற புது வகை எச்ஐவி ரத்த டெஸ்டுக்கு 45 நாள், வீட்டுல செய்யுற செல்ஃப் டெஸ்டுக்கும் சிபிலிஸுக்கும் 90 நாள் போனாத்தான் நெகடிவ்வ நம்பலாம். ஆனா கொண்டம் கிழிஞ்சு எச்ஐவி பயம்னா காத்திருக்கவே கூடாது, 72 மணித்தியாலத்துக்குள்ள, எச்ஐவி தொத்தாம தடுக்க பிறகு குடிக்கிற பெப் மருந்து தொடங்கணும், 28 நாள் குடிக்கணும், எவ்வளவு சீக்கிரம் போறீங்களோ அவ்வளவு நல்லம்.

எச்ஐவி வராம முன்கூட்டியே போடுற ப்ரெப் மாத்திரையும் கிளினிக்ல கேளுங்க. அது எச்ஐவிய மட்டுந்தான் தடுக்கும், மத்ததுக்கு கொண்டம் வேணும். செக்ஸுக்கு முன்னயும் பின்னயும் மட்டும் போடுற முறை ஒண்ணு இருக்கு, ஈஸ்ட்ரஜன் எடுக்குற திருநங்கைங்களுக்கு அது சரிவராது, தினமும் போடணும், ப்ரெப்பால உங்க ஹோர்மோன் பழுதாகாது. ஹோர்மோன் ஊசி போட்டா ஊசிய மட்டும் சிநேகிதியோடயும் பங்கு போடாதீங்க.

தேங்காய் எண்ணெய், வாசலின் எல்லாம் கொண்டத்த கிழிச்சிடும், வாட்டர் பேஸ் லூப் (தண்ணியில செஞ்ச வழுக்குற ஜெல்) வாங்குங்க. ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போடலன்னா அதையும் விசாரிங்க.

பாசிட்டிவ்னு வந்தா பார்மசில அன்டிபயோட்டிக் வாங்கி நீங்களா குடிக்காதீங்க, கொனோரியா இப்ப பல மருந்துக்கு அடங்குறதில்ல. கூட இருந்த ஆளும் மருந்து எடுக்கணும், இல்லாட்டி திரும்ப உங்களுக்கே வரும். எப்படி சொல்றதுன்னு தெரியலன்னா கிளினிக்லயே கேளுங்க, உதவி செய்வாங்க. வெளிக்கிட முன்ன அடுத்த டேட்ட வாங்கிடுங்க, ஆள் மாறி மாறி இருந்தா மூணு மாசத்துக்கு ஒருக்கா.